வரப்பை ஓட்டை போடும் எலி.. பலம் முழங்கை எலும்பில்!

கடையநல்லூர் பக்கம் வயலில் கட்டிய தண்ணீர் ராத்திரியோடு வடிந்தால், முதல் சந்தேகம் வரப்பு எலி மேலதான். எப்படி இவ்வளவு தோண்டுது?

முழங்கையை மடக்கினால் பின்னால் ஒரு எலும்பு முனை துருத்தும் இல்லையா? அது நெம்புகோலின் கைப்பிடி மாதிரி. மண் தோண்டி வாழும் பாலூட்டிகளுக்கு இந்த முனை நீளம். அதே தசை இழுத்தாலும் நகம் மண்ணில் பலமாக இறங்கும். கால் வீசும் வேகம் மட்டும் குறையும். வரப்பு எலியின் கட்டை உடம்பும் தடித்த முன்னங்கால் நகமும் இதுக்குத் தோது.

வெள்ளெலி வேற ரகம். பின்பாதம் நீளம், துள்ளித் தப்பிக்கும். அதுவும் வளை தோண்டும்தான், ஆனா பெரும்பாலும் காய்ந்த புஞ்சை மண்ணில்.

வளை வாயில் புதுமண் குவிந்திருந்தால் உள்ளே ஆள் இருக்குன்னு அர்த்தம். நெற்கதிரும் சேர்த்து வெச்சிருக்கும். வரப்பை 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் வைக்கச் சொல்கிறது வேளாண் பரிந்துரை. ஒல்லி வரப்பில் வளை போட இடம் பத்தாது.