கத்தரி, பசை, கன்ட்ரோல் வி: சென்னை வெட்டி ஒட்டிய கதை

இந்த எபிசோட் கொஞ்சம் கைவேலை சம்பந்தப்பட்டது.

இன்ஸ்டாகிராம்ல "டிஜிட்டல் ஸ்கிராப்புக்"னு தேடிப் பாருங்க. போன வருஷ ட்ரிப் போட்டோ, ஒரு சினிமா டிக்கெட், ஓரம் கிழிஞ்ச காகிதம் மாதிரி ஒரு பின்னணி, மூலையில ஒட்டின மாதிரி ஒரு டேப். எல்லாமே திரையில நடக்குது. கேன்வாலயோ ஃபோட்டோஷாப்லயோ அரை மணி நேர வேலை.

இது நேத்து வெளிநாட்டுலேர்ந்து இறங்கின ஃபேஷன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அடையாறு, மயிலாப்பூர், தி.நகர்னு நமக்குத் தெரிஞ்ச மூணு ஏரியாவை மட்டும் எடுத்துக்கிட்டாலே, வெட்டி ஒட்டி நினைவைச் சேர்த்து வைக்கிற பழக்கத்துக்கு இங்க 140 வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு. அந்த வரலாறு நெடுக எனக்கு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. இவ்வளவு ஆசையா ஒட்டி வைக்கிறோமே, இதுல எது மிஞ்சும்?

அடையாறு: ஓரத்தில் எழுதிய குறிப்புகள்

முதல்ல அடையாறு பிரம்மஞான சபைக்குப் போவோம். ஆலமரம் பார்க்க ஸ்கூல்ல கூட்டிட்டுப் போயிருப்பாங்களே, அதே இடம்தான். சபையை 1875-ல நியூயார்க்குல தொடங்கினவங்கள்ல முக்கியமான ரெண்டு பேர் எலேனா பிளாவட்ஸ்கியும் கர்னல் ஆல்காட்டும். 1882 டிசம்பர்ல அவங்க தலைமையகத்தை அடையாறுக்குக் கொண்டு வந்தாங்க.

பிளாவட்ஸ்கிக்கு ஒரு பழக்கம் இருந்தது. தன்னைப் பத்தியும் சபையைப் பத்தியும் பத்திரிகைகள்ல வர்ற செய்திகளை வெட்டிப் பெரிய நோட்டுப் புத்தகங்கள்ல ஒட்டுவாங்க. ஒட்டிட்டு விட மாட்டாங்க. ஓரத்துல, செய்திக்கு நடுவுலன்னு பேனாவால பதில் எழுதுவாங்க. கிண்டல், கோபம், திருத்தம் எல்லாம் இருக்கும். 1870-கள்ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச அந்த ஸ்கிராப்புக்குகள் இன்னைக்கும் அடையாறு ஆவணக் காப்பகத்துல இருக்கு.

அந்தக் காலத்துல அமெரிக்காவே வெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தது. எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1873-ல ஸ்கிராப்புக்குக்கு ஒரு காப்புரிமையே வாங்கினார். பக்கத்துல ஏற்கெனவே பசை தடவியிருக்கும். தண்ணி தொட்டு ஈரமாக்கினா போதும், ஒட்டிக்கும்.

பிளாவட்ஸ்கியோட நோட்டுக்கு வருவோம். 1884 செப்டம்பர்ல, மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகை, அவங்க எழுதினதா சொல்லி சில கடிதங்களை வெளியிட்டது. அற்புதங்கள்னு காட்டினதெல்லாம் ஏமாத்து வேலைங்கிறதுதான் குற்றச்சாட்டு. அவங்க அதை மறுத்தாங்க. 1885-ல அடையாறை விட்டுக் கிளம்பினவங்க திரும்பி வரவே இல்லை. 1891-ல லண்டன்ல இறந்துட்டாங்க.

நோட்டுகள் இங்கேயே தங்கிடுச்சு. பின்னாடி வந்த ஆய்வாளர்கள் அவற்றைச் சான்றாப் படிக்க ஆரம்பிச்சாங்க. அங்கதான் சிக்கல். ஓரக் குறிப்புகள்ல சிலது, செய்தியை ஒட்டின அன்னைக்கே எழுதினது இல்லை, பிற்பாடு சேர்த்தது. பல குறிப்புகள்ல தேதியே இல்லை. எது அப்போ நினைச்சது, எது பின்னாடி நினைச்சதுன்னு ஒவ்வொண்ணாத்தான் பிரிச்சுப் பார்க்கணும். கீழே ஒரு தேதி போட்டிருந்தா அந்த வேலையில பாதி மிச்சம்.

மயிலாப்பூர்: பைண்டு பண்ணின கதைகள்

பிளாவட்ஸ்கி பெரிய ஆளு, அவங்களுக்குக் காப்பகம் இருக்கு. சாதாரண வீடுகள்ல என்ன நடந்தது?

அங்கதான் நம்ம ஊருக்கே உரிய ஒரு வடிவம் வருது. பைண்டு வால்யூம். 1950-லேர்ந்து 1954 வரைக்கும் கல்கி பத்திரிகையில பொன்னியின் செல்வன் தொடரா வந்தது. ஓவியம் மணியம். ஒவ்வொரு வாரமும் புத்தகத்தைப் பிரிச்சு, பின்னை நீக்கி, அந்தத் தொடரோட பக்கங்களை மட்டும் தனியா எடுத்து வைப்பாங்க. ஒரு வாரம் தவறிப் போச்சுன்னா தெரிஞ்ச வீடுகள்ல கேட்டு வாங்கணும். எல்லாம் சேர்ந்ததும் பைண்டர்கிட்ட குடுப்பாங்க. அவர் தைச்சு, ஓரம் வெட்டி, அட்டை போட்டு, முதுகுல துணி ஒட்டிக் குடுப்பார். முதல் பக்கத்துல வீட்டுக்காரங்க பேர். குமுதத்துல வந்த சாண்டில்யன் தொடர்கள், விகடன் தொடர்கள்னு எல்லாத்துக்கும் இதே கதைதான். மயிலாப்பூர் லஸ் பக்கம் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள்ல இப்படிப்பட்ட வால்யூம்களை நான் புரட்டியிருக்கேன்.

இதை ஸ்கிராப்புக்னு யாரும் சொன்னதில்லை. ஆனா வேலை அதேதான். எது வேணும், எது வேண்டாம்னு முடிவு பண்ணி, வெட்டி, வரிசைப்படுத்தி, பேர் எழுதி வைக்கிறது.

எனக்குப் பிடிச்சது அந்தப் பக்கங்களோட பின்பக்கம். ஒரு பக்கம் வந்தியத்தேவன் குதிரையில போயிட்டு இருப்பார். திருப்பினா யாரோ எழுதின சிறுகதையோட கடைசிப் பாதி, ஒரு தைல விளம்பரம், ஒரு துணுக்கு. இதெல்லாம் யாரும் சேமிக்கணும்னு நினைச்சதில்லை. தாளோட சேர்ந்து தானா வந்துடுச்சு. கல்கியோட எழுத்து நாட்டுடைமை ஆன பிறகு நாவலை எத்தனையோ பதிப்பகங்கள் போட்டுடுச்சு. அந்த வாரம் அந்தப் பக்கம் எப்படி இருந்ததுன்னு தெரியணும்னா இந்த வால்யூம்கிட்டதான் வரணும்.

கத்தரி கம்ப்யூட்டருக்குள் போன கதை

இப்போ கொஞ்சம் கலிபோர்னியா போயிட்டு வரலாம். 1970-களோட நடுப்பகுதி. ஜெராக்ஸ் கம்பெனியோட பார்க் ஆய்வகம். லாரி டெஸ்லர், டிம் மாட்னு ரெண்டு பேர் ஒரு பதிப்பகத்துக்காக ஜிப்சிங்கிற எடிட்டிங் மென்பொருளை எழுதினாங்க. அப்போ பதிப்பகங்கள்ல திருத்தம்னா நிஜமாவே கத்தரியும் பசையும்தான். டைப் அடிச்ச தாளை வெட்டி, வேற இடத்துல ஒட்டுவாங்க. டெஸ்லர் அந்தப் பேரையே கம்ப்யூட்டருக்குக் குடுத்தார். கட், பேஸ்ட். நீங்க தினம் அழுத்துற கன்ட்ரோல் எக்ஸ், கன்ட்ரோல் வி ரெண்டுக்கும் பின்னாடி ஒரு கத்தரி இருக்கு, ஒரு பசை டப்பா இருக்கு.

1985-ல ஆல்டஸ் கம்பெனியோட பேஜ்மேக்கர் வந்தது. டிடிபிங்கிற தொழிலே அதோட பிறந்தது. 1990-ல ஃபோட்டோஷாப். 1994-ல அதுக்குள்ள லேயர் வந்தது. ஒரு தாள் மேல இன்னொரு தாளை வெச்சு நகர்த்திப் பார்க்கிறோமே, அதுதான் லேயர். இன்னைக்கு ஸ்கிராப்புக் பண்ற எல்லா ஆப்பும் இந்த ஒரு யோசனை மேலதான் நிக்குது.

தி.நகர்: கரிஷ்மா ஆல்பமும் உடைஞ்ச எழுத்தும்

சென்னையில டிஜிட்டல் ஸ்கிராப்புக்கை முதல்ல தொழிலாப் பண்ணினது யாருன்னு கேட்டா, கல்யாண ஆல்பம் டிசைனர்களைத்தான் நான் சொல்வேன். கரிஷ்மா ஆல்பம்னு வீட்டுல ஒண்ணு கண்டிப்பா இருக்கும். விரிச்சா 36 அங்குல அகலம், 12 அங்குல உயரம். மாப்பிள்ளை ஒரு ஓரத்துல பெரிசா, மங்கலா தெரிவார். நடுவுல தாலி கட்டுற படம். சுத்திப் பூ, மேகம், சில சமயம் சம்பந்தமே இல்லாம ஒரு சுவிஸ் மலை. தி.நகர்லயும் மத்த இடங்கள்லயும் ஸ்டூடியோக்கள்ல உட்கார்ந்து, பிஎஸ்டி டெம்ப்ளேட்ல படத்தை ஏத்தி ஏத்தி இதைப் பண்ணினாங்க. நாம கிண்டல் பண்ணுவோம். ஆனா லேயர், மாஸ்க், டெம்ப்ளேட் எல்லாம் நம்ம குடும்பங்களுக்குள்ள வந்தது இந்த வழியாத்தான்.

தமிழ்ல பேர் போடணும்னா அது தனி அவஸ்தை. பழைய தமிழ் ஃபான்ட்டுகள்ல, ஆங்கில எழுத்து இருக்கிற இடத்துல தமிழ் உருவத்தை வெச்சிருப்பாங்க. ஒவ்வொரு கம்பெனியும் வெவ்வேற இடத்துல வெச்சது. அந்த ஃபான்ட் இருக்கிற வரைக்கும் "திருமணம்"னு தெரியும். ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல அதே ஃபைலைத் திறந்தா ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பைதான் வரும். இதைச் சரிபண்ணத்தான் 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. பொது விசைப்பலகை, பொதுக் குறியீடுகள் எல்லாம் அங்க பேசி முடிவாச்சு.

யூனிகோடு வந்த பிறகும் டிசைன் மென்பொருள் உடனே திருந்திடலை. "கொ"ன்னு எழுதினா ஒற்றைக்கொம்பு முன்னாடியும் கால் பின்னாடியும் வரணும் இல்லையா, அது இடம் மாறி நிக்கும். இன்டிசைன்ல தமிழ் ஒழுங்கா வந்ததே 2012-ல, சிஎஸ்6 பதிப்புலதான். அதுவரைக்கும் யூனிகோடுல எழுதினதைப் பழைய ஃபான்ட்டுக்கு மாத்தி ஒட்டுறதே டிசைனர்களுக்கு ஒரு வேலையா இருந்தது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. பேஜ்மேக்கரோட கடைசிப் பதிப்பு 2001-ல வந்தது. அந்த ஃபைல்களைத் திறக்கத் தெரிஞ்ச கடைசி இன்டிசைனும் அதே சிஎஸ்6 தான். 1990-கள்ல பேஜ்மேக்கர்ல பண்ணின ஒரு குடும்ப மலர், ஒரு நினைவுப் புத்தகம் இன்னைக்கு சிடியில பத்திரமா இருந்தாலும், படிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். 1954-ல பைண்டு பண்ணின வால்யூமைப் பிரிக்க எந்த அப்டேட்டும் வேண்டாம்.

இது பழைய கதை மட்டும் இல்லை. க்ரிகட்னு காகிதம் வெட்டுற மெஷின் இருக்கே, வாழ்த்து அட்டை, பேப்பர் கிராஃப்ட் பண்றவங்களுக்குத் தெரியும். 2021 மார்ச்ல, காசு கட்டாதவங்க சொந்த டிசைனை மாசத்துக்கு 20 தடவைதான் ஏத்தலாம்னு அந்தக் கம்பெனி சொன்னது. மெஷின் உங்க மேஜையில, டிசைன் உங்களோடது, அனுமதி அவங்க கையில. பெரிய எதிர்ப்பு கிளம்பினதால பின்வாங்கினாங்க.

அப்போ காகிதம்தான் ஜெயிச்சதா?

அப்படியும் சொல்ல முடியாது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகள்ல அடையாறு ஆறு பெருகினப்போ கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டைன்னு வீடுகளுக்குள்ள தண்ணி வந்தது. நனைஞ்ச ஆல்பத்துல போட்டோவும் பிளாஸ்டிக்கும் ஒண்ணா ஒட்டிக்கும். பிரிச்சா படம் உரிஞ்சு வந்துடும். அந்தக் குடும்பங்கள்ட்ட போய் காகிதம்தான் நிரந்தரம்னு சொல்ல எனக்கு வாய் வராது.

ரெண்டும் அழியும். ஒண்ணு தண்ணியில, ஒண்ணு மறதியில. அப்போ மிஞ்சினதெல்லாம் எப்படி மிஞ்சுச்சு? தரமணியில இருக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைப் பாருங்க. கோட்டையூர்ல விளம்பரப் பலகை எழுதிக்கிட்டு இருந்த ஓவியர் அவர். புத்தகம், பத்திரிகையோட, மத்தவங்க தூக்கிப் போடுற அழைப்பிதழ், நோட்டீஸ்னு எல்லாத்தையும் சேர்த்தார். சுமார் 1 லட்சம். 1992-ல அவர் இறந்த பிறகு, 1994-ல சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே வெச்சு நூலகமாக்கினது. பட்டியல் போட்டாங்க, மைக்ரோஃபிலிம் எடுத்தாங்க, டிஜிட்டலாவும் மாத்தினாங்க. ஒரே பொருள், பல வடிவம், கூடவே இது என்னன்னு சொல்ற ஒரு குறிப்பு.

நம்ம ஸ்கிராப்புக்குக்கும் அதே வழிதான். பக்கம் முடிஞ்சதும் ஆப்புக்குள்ளேயே விட்டுடாதீங்க. ஃபான்ட் உள்ளடங்கின பிடிஎஃப்பா ஒண்ணு இறக்கி வைங்க. ஒட்டுறதுக்கு முன்னாடி இருந்த அசல் போட்டோக்களையும் தனியா வைங்க. வெட்டின ஓரத்துல யார் நிக்கிறாங்கன்னு பின்னாடி தேடுவீங்க. ரெண்டு வேற வேற இடத்துல காப்பி இருக்கட்டும். முடிஞ்சா வருஷத்துக்கு ஒரு தடவை பிரின்ட் போட்டு பைண்டு பண்ணுங்க. வீட்டுல கரிஷ்மா ஆல்பம் இருந்தா, ஸ்டூடியோவுல அசல் ஃபைல் இன்னும் இருக்கான்னு இந்த மாசமே கேளுங்க.

எல்லாத்துக்கும் மேல, டேப், ஸ்டிக்கர் ஒட்டுற இடத்துல ஒரு வரி எழுதுங்க. யாரு, எங்க, எந்தத் தேதி. பாட்டி போட்டோவா இருந்தா, பாட்டிகிட்டயே கேட்டு எழுதுங்க. டிசைன் மென்பொருளால உங்களுக்காக இதை மட்டும் பண்ண முடியாது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.