தானியக் கிடங்குக்குக் கீழே ஒரு மாதா

ஃப்ளோரன்ஸ் நகரத்துல ஓர்சான்மிக்கேலேன்னு ஒரு சர்ச் இருக்குங்க. படத்தைப் பார்த்தா சர்ச்சுன்னே சொல்ல மாட்டீங்க. சதுரமா, உயரமா ஏதோ பழைய கச்சேரிக் கட்டடம் மாதிரி இருக்கும். காரணம் பேருலேயே இருக்கு. 'ஓர்த்தோ'ன்னா காய்கறித் தோட்டம். மடத்துத் தோட்டத்துல இருந்த புனித மிக்கேல் கோயில்! அதை 1240 வாக்கில் இடிச்சுட்டு, 1290 வாக்கில் தானியச் சந்தைக்கு ஒரு திறந்த மண்டபம் கட்டினாங்க.

சந்தைத் தூண் ஒண்ணுல மாதா படம் இருந்தது. 1292ல் அது நோய் தீர்க்குதுன்னு பேச்சு கிளம்பிச்சு. அப்புறமென்ன, கோதுமை வாங்க வந்த கூட்டத்தோட மெழுகுவர்த்திக் கூட்டமும் சேர்ந்துக்கிச்சு. 1304ல் தீ விபத்தில் எல்லாம் போச்சு. ஆனாலும் சந்தை அங்கேயேதான் நடந்தது.

1329 பஞ்சத்தைப் பத்திப் படிச்சப்பதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொமெனிகோ லென்சின்னு ஒரு தானிய வியாபாரி, சந்தை விலைகளை வருஷக்கணக்கா குறிச்சு வச்சிருக்கார். சியெனா நகரம் ஏழைகளை வெளியே துரத்தினதையும், ஃப்ளோரன்ஸ் அவங்களை உள்ளே விட்டதையும் அவரே எழுதியிருக்கார். உள்ளே விட்டாச்சு, சரி. கலவரம் வந்தா? சந்தைச் சதுக்கத்துல ஆயுதக் காவல், தலை வெட்டக் கட்டையும் கோடாலியும் தயார்! மாதாகிட்ட ரொட்டி கேட்டு வேண்டிக்கிட்ட அதே இடம்தாங்க.

1337ல் மண்டபத்தைக் கல்லில் திரும்பக் கட்ட ஆரம்பிச்சப்பவும் கீழே சந்தை, மேலே கிடங்குன்னுதான் திட்டம். அதை மாத்தினது 1348 கொள்ளைநோய். செத்தவங்க சொத்து, மாதா பேரில் இருந்த சபைக்குக் குவிஞ்சது. தாத்தி வரைஞ்ச மாதா படத்துக்கு ஓர்கான்யா 1359ல் பளிங்கு மாடம் முடிச்சார். கொஞ்ச வருஷத்துல வளைவுகளையும் அடைச்சு சர்ச்சாக்கிட்டாங்க. வெளிச்சுவர்ல தொழில் சங்கங்கள் போட்டி போட்டு வச்ச சிலைகள் (கிபெர்ட்டி, டொனாடெல்லோ எல்லாம்) தனிப் பதிவுக்கான விஷயம். :-)

மேல்மாடி மட்டும் கிடங்காவே நீடிச்சது. 1569ல் மெடிச்சி கோசிமோ அதைப் பத்திர ஆவணக் காப்பகமாக்கினார். இப்போ அங்கே மியூசியம். மூலச் சிலைகள்ல பெரும்பாலானவை அங்கேதான், வெளியே நிக்கிறது நகல்.

சர்ச்சுக்குள்ள போனா தூண்களைக் கவனிங்க. மேலேயிருந்து கோதுமை சரிஞ்சு வந்த ஓட்டைகள் இன்னும் இருக்கு.