துணைக் கேள்வியும் ஒற்றை ஓட்டும்

மக்களவையில் அமைச்சர் வாசிக்கும் முதல் பதிலை நான் பொருட்படுத்துவதே இல்லை. அது அதிகாரிகள் எழுதிக் கொடுத்தது. நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் எழுந்து துணைக் கேள்வி கேட்கலாம். அமைச்சர் கோப்பைப் புரட்டிக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்ப்பது அப்போதுதான்.

ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிகளில் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்குப் பங்கு வாங்கிய விவகாரம் 1957இல் அப்படித்தான் அவையில் கிளம்பியது. நீதிபதி சாக்ளாவின் விசாரணை வரை போக, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். விடாமல் குடைந்த ஃபெரோஸ் காந்தியோ ஆளுங்கட்சிக்காரர்! எதிர்க்கட்சி வரிசைக்கு அன்று கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்திருக்கும்.

1975 ஜூலையில், நெருக்கடி நிலையின்போது, கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள்.

ஓட்டின் கதை வேறு. பெரும்பாலும் 'ஆம்', 'இல்லை' என்ற குரல்களோடு முடிந்துவிடும். யாராவது ஆட்சேபித்தால்தான் மணி அடிக்கும். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதால் 1999 ஏப்ரல் 17 அன்று பிரதமர் வாஜ்பாய் நம்பிக்கை கோரினார். ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரிசா முதல்வராகிவிட்ட கிரிதர் கமாங், எம்.பி. பதவியை விடாமலே வந்து எதிர்த்து ஓட்டுப் போட்டார். சட்டப்படி சரி, எனக்கென்னவோ இன்னும் உறுத்துகிறது. தேசிய மாநாட்டுக் கட்சியின் உத்தரவை மீறி எதிர்த்த சைஃபுதீன் சோஸைக் கட்சி வெளியேற்றியது.