வேலைக்கு விண்ணப்பமா? செய்த வேலையைத் தெளிவாக எழுதுங்கள்

ஜோர்ஜ்டவுன் – பாயான் லெப்பாஸில் 1972-ஆம் ஆண்டு தொழிற்பேட்டை தொடங்கியதிலிருந்து பினாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் பஞ்சமில்லை. தோட்டமாக இருந்த பத்து காவானும் இன்று தொழிற்பேட்டை. ஆனாலும், பல ஆண்டு அனுபவமுள்ள நம்மவர் பலருக்கு நேர்முகத் தேர்வு அழைப்பே வருவதில்லை. கையில் உள்ள திறன் ரெசுமேயில் எழுதப்படாததும் அதற்கு ஒரு காரணம்.

வேலையை விவரியுங்கள்

“ஆப்பரேட்டர், 5 ஆண்டு” என்று மட்டும் எழுதினால் அதிகாரிக்கு ஒன்றும் புரியாது. எந்த இயந்திரம், எத்தனை இயந்திரங்கள், எந்த ஷிப்ட், எத்தனை பேருக்குப் பழக்கிக் கொடுத்தீர்கள் என்பதைச் சேருங்கள். உதாரணமாக: “2019 முதல் 2024 வரை பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரங்கள் நான்கை இரவு ஷிப்டில் இயக்கினேன், புதிய ஊழியர்கள் 6 பேருக்குப் பயிற்சி அளித்தேன்.” தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியதும், ஸ்டோர் கணக்கு பார்த்ததும் அனுபவமே. வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

அமைப்பு

ஒன்று அல்லது இரண்டு பக்கம் போதும். பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் மேலே இருக்கட்டும். அனுபவத்தில் கடைசியாகச் செய்த வேலை முதலில் வர வேண்டும். பிறகு கல்வி, லைசென்ஸ், மொழிகள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பேசுவீர்கள் என்றால் அதுவும் ஒரு தகுதிதான். பன்னாட்டு நிறுவனங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. வேலை விளம்பரத்தில் கேட்டிருக்கும் திறன் உங்களிடம் இருந்தால், அதே சொல்லில் குறிப்பிடுங்கள். இல்லாததை எழுதாதீர்கள், நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

சான்றிதழ் இல்லையா?

எஸ்.பி.எம். தேர்வில் சரியாகச் செய்யாதவர்களும் மனம் தளர வேண்டாம். மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை, வேலை அனுபவத்தை மதிப்பிட்டு எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் வழங்குகிறது. பி.பி.தி. என்பது அந்த முறையின் பெயர். மீண்டும் வகுப்புக்குப் போய் உட்கார வேண்டியதில்லை. செய்த வேலைக்கு ஆதாரம் காட்ட வேண்டும். எனவே நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பயிற்சிக் கடிதம் எதையும் தூக்கி எறியாதீர்கள். வேலையை விட்டு விலகும்போது சேவைக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

கவனம் தேவை

அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை ரெசுமேயில் போட வேண்டாம். வேலை தர முன்பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் இணையத்தளத்தில் இலவசமாகப் பதிந்துகொண்டு வேலை தேடலாம். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணை அழையுங்கள்.

வீட்டில் வேலை தேடும் தம்பி, தங்கை இருந்தால் இன்றே உட்கார்ந்து அவர்கள் செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ரெசுமேயில் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.