மாலைன்னு ஒரு பொழுது

வழக்கமா ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பதிவு பண்றவன், இந்த எபிசோடை சாயங்காலம் ஏழரைக்கே சிலமலை வீட்டு மாடியில உக்காந்து பேசுறேன். காரணம் அம்மா.

அம்மா ஏலக்காய் எஸ்டேட் வேலைக்குப் போறவங்க. நாலு மணிக்கு எழுந்து, ஜீப் ஏறி, போடிமெட்டு வழியா மேலே போகணும். எனக்கோ அமெரிக்க டீமோட கால் ஒன்பதரைக்குத்தான் தொடங்கும். நடுவுல ஒரே ஒரு சுவர். போன மாசம் சரிவுல காய் எடுக்கும்போது கால் இடறி விழுந்துட்டாங்க. "தூக்கம் பத்தலடா, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு"ன்னாங்க.

தூக்கத்தைப் பத்தித் தேடப் போனவன் பழைய பொழுதுக் கணக்குல போய் நின்னேன். நம்ம இலக்கண மரபு ஒரு நாளை ஆறு சிறுபொழுதாப் பிரிக்குது. ஒவ்வொண்ணும் பத்து நாழிகை. நாழிகைக்கு 24 நிமிஷம், ஆக 4 மணி நேரம். ஆறிலிருந்து பத்து வரை மாலை, பத்திலிருந்து ரெண்டு வரை யாமம், அதுக்கப்புறம் வைகறை. இதுல மாலை முல்லைக்கு உரியது: மாடு வீடு திரும்பும், தலைவி காத்திருப்பாள். பகலும் இல்லாத, தூக்கமும் இல்லாத ஒரு முழுப் பொழுது. மலைக்கான குறிஞ்சிக்கு யாமம். தினைப்புனத்துல பரண் மேல ராக்காவல் இருந்த ஊருய்யா இது! நைட் ஷிஃப்ட் நம்ம திணைக்கே சொந்தம்னு கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டுக்கிட்டேன்.

அந்த மாலையைக் காத்தது நல்ல பழக்கம் மட்டுமில்ல, எண்ணெய் விலையும்தான். ஆமணக்கெண்ணெயோ, பின்னாடி வந்த சீமெண்ணெயோ, சாப்பிட்டு முடிஞ்சதும் விளக்கை அணைச்சாகணும். 1932ல பைக்காரா மின்சாரம் வந்தது. நம்ம பக்கம் லோயர் கேம்ப்ல பெரியாறு மின்நிலையம் 1950களோட கடைசியில ஓட ஆரம்பிச்சது. பல்பு மாலையை நீட்டுச்சு. போன் அதை யாமத்தோட ஒட்டிடுச்சு. ராத்திரி வெளிச்சம் மெலடோனினைக் குறைக்கும், உடம்போட கடிகாரம் தள்ளிப்போகும். அந்தக் கடிகாரத்தோட மரபணு ரகசியத்துக்குத்தான் 2017ல மூணு பேருக்கு நோபல் கிடைச்சது.

இன்னொரு கணக்கு எனக்கு நிஜமாவே உறைச்சது. 1906லிருந்து இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு. போடி இருக்கிறது ஏறக்குறைய 77.3ல. டிகிரிக்கு 4 நிமிஷம். அப்போ அம்மாவோட நாலு மணி, சூரியனோட கணக்குல மூணு நாற்பது! ஏழு மணி நேரம் தூங்கணும்னா ஒன்பதுக்கே கண் மூடணும். நான் "ஹலோ, கேக்குதா?"ன்னு தொடங்குறது அதுக்கு அரை மணி கழிச்சு.

மேனேஜர்கிட்ட கேட்டேன். வாரத்துல ரெண்டு நாள் காலை ஏழு மணிக்கு மாத்தினார். இப்போ எட்டு மணிக்கு ஹால் டியூப்லைட் அணைஞ்சிடும், ஜீரோ வாட்ஸ் மட்டும் எரியும். அம்மா திண்ணையில பக்கத்து வீட்டு அத்தைகூட பேசிட்டு எட்டரைக்குப் படுத்துடுவாங்க. மத்த மூணு நாள் கால் இன்னும் ஒன்பதரைக்குத்தான். அன்னைக்கு மாடியில, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி உக்காந்து மெதுவாப் பேசுறேன்.