நம்ம ஊர் வீட்டை டிக்கெட் வாங்கிப் பார்த்தோம்



பழைய பொருட்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டும் அருங்காட்சியகங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீடுகளையே கொண்டுவந்து நிறுத்தி, அங்கே நடந்த தொழில்களைக் கண்முன்னே செய்து காட்டும் அருங்காட்சியகங்களும் உண்டு. இதற்கு வழிகாட்டியவர் சுவீடன் நாட்டு ஆர்தர் ஹசேலியஸ். ஆலைகள் பெருகி, கிராமத்து வாழ்க்கை மறைந்துவருவதைக் கண்ட அவர், பல ஊர்ப் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து, 1891இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஸ்கான்சென் என்ற இடத்தைத் திறந்தார்.

நம் மாநிலத்தில் அப்படி ஓர் இடம், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் அம்மையாரின் முயற்சியால் 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கருக்கு இதன் வடிவமைப்பில் பெரும் பங்கு உண்டு. தென் மாநிலங்களைச் சேர்ந்த 18 வீடுகள் அங்கே இருக்கின்றன. எல்லாமே உரிமையாளர்கள் இடிப்பதற்கு விட்டுவிட்ட வீடுகள். அவற்றை வாங்கிப் பிரித்து, அந்தந்தப் பகுதிக் கைவினைஞர்களைக் கொண்டே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்.

விடுமுறைக்கு மகன் குடும்பத்தோடு நானும் போயிருந்தேன். செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் பேரன், “இது நம்ம ஊரு வீடு மாதிரியே இருக்கே அப்பத்தா, இதுக்கு எதுக்கு டிக்கெட்?” என்றான். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நம் வட்டார வரலாற்றைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

1852இல் ஆங்கிலேயர் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. காடு திருத்தி நெல் விளைவிக்க விவசாயிக்குப் பணம் வேண்டும். அதைக் கடனாகக் கொடுத்தவர்கள் நகரத்தார்கள். அந்த வருமானத்தில் பர்மா தேக்கு இங்கே வந்து தூண்களாக நின்றது. 1930களில் நெல் விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாதவர்களின் நிலங்கள் கைமாறின. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் கால் பங்கு நகரத்தார் கணக்கில் இருந்தது. நிலம் இழந்த பர்மிய விவசாயியின் கண்ணீரும் இந்த வரலாற்றில் சேர்த்தி. பிறகு ஜப்பான் படை வந்தது. பர்மா விடுதலை பெற்றது. அந்தச் சொத்து போய்விட்டது. வீடுகள் மட்டும் நின்றன.

முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீளும் வீட்டைப் பராமரிக்கப் பெரும் செலவாகும். பங்காளிகள் பல ஊர்களில் இருப்பார்கள். ஒருவர் வைத்துக்கொள்வோம் என்பார். இன்னொருவர் விற்றுவிடலாம் என்பார். கடைசியில் தூண் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம் என்று பிரிந்து காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போகும். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் ஓடு மாற்ற முடியாது.

தட்சிணசித்ராவில் என் மனதில் நின்றது வேறு ஒன்று. வியாபாரியின் பெரிய வீடு இருக்கும் அதே வளாகத்தில் குயவர் வீடும் நெசவாளர் வீடும் இருக்கின்றன. என் பேத்தி சக்கரத்தில் களிமண் வைத்து ஒரு சட்டி வனையப் பார்த்தாள். சட்டி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. “பாட்டி, இது ரொம்பக் கஷ்டம்” என்றாள். அன்றைக்கு அவள் கற்ற பெரிய பாடம் அதுதான்.

நாமோ, ஊருக்கு வரும் விருந்தாளிக்குப் பெரிய வீட்டு முகப்பை மட்டும் காட்டுகிறோம். சுண்ணாம்பில் கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, சுவரைக் கண்ணாடி போல் தேய்த்துக் கொடுத்த கொத்தனார் யார்? கதவு செதுக்கிய ஆசாரி யார்? ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கல் செய்கிறவர்கள், கண்டாங்கி நெய்கிறவர்கள், ஓலைக் கொட்டான் முடைகிறவர்கள் இன்றும் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நம் புதுவயலிலேயே அரிசி ஆலைகளில் நெல் அவித்துக் களத்தில் காய வைத்த பெண்களின் கதையை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

தூணைக் காசு கொடுத்து வாங்கி வேறு ஊரில் நிறுத்தலாம். அந்த வேலை தெரிந்தவர் போய்விட்டால் அது போனதுதான்.

ஆகவே ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது, உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள். அவர் கையால் என்ன வேலை செய்தார், யாரிடம் கற்றார், என்ன கூலி வாங்கினார் என்று கேட்டுக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். வீடு ஓலைக் கூரையா, நாட்டு ஓடா என்பது முக்கியம் இல்லை. பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

முட்டுக்காட்டுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை, பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.