கவலை என்னும் கவர்வழி

கவலையில்லா மனிதர் இலர். உணவு, உடை, பிள்ளைகளின் படிப்பு, நாளை வரக்கூடிய நோய் என அது நாள்தோறும் புதுப்பெயர் பூண்டு வருகின்றது. அதனைத் தீர்க்கும் வழியைத் திருவள்ளுவர் பொருட்பாலில் வைத்துக் கூறினாரல்லர். நூலின் வாயிலாகிய கடவுள் வாழ்த்திலேயே வைத்தார். நிகரற்ற இறைவனைச் சார்ந்தவரன்றிப் பிறர் நெஞ்சின் வருத்தத்தை நீக்கிக்கொள்ளுதல் எளிதன்று என்பதே ஏழாங்குறளின் கருத்து.

'கவலை' என்னும் சொல்லையே முதலில் நோக்குவோம். பண்டை இலக்கியத்தில் அச்சொல்லுக்குக் கவர்த்த வழி என்றும் பொருள் உண்டு. ஒரு வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் எப்பக்கம் செல்வதென்று அறியாது திகைக்கும் வழிப்போக்கனின் நிலையும், இன்றைய வேலைக்கும் நாளைய அச்சத்திற்கும் இடையே பிளவுண்ட உள்ளத்தின் நிலையும் வேறல்ல. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் கவலையைக் குறிக்கும் சொல்லையும், 'பிரித்தல்' என்னும் பொருளுடைய சொல்லோடு தொடர்புபடுத்திக் காட்டுவோர் உளர்.

மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் இயேசு பெருமான் இக்கவலையை விடுமாறு கூறுகின்றார். அதற்குச் சான்றாக வானத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் காட்டுகின்றார். இது சோம்பலுக்குச் சொன்ன அறிவுரையன்று. பறவையும் விடிந்தால் இரை தேடப் பறக்கத்தான் செய்கின்றது. நாளைய பசியை இன்றே சுமப்பதில்லை. உழைப்பை விடச் சொல்லவில்லை. உள்ளத்தின் பிளவையே விடச் சொன்னார்.

இவ்வேறுபாட்டைத் தம் வாழ்விலும் நூலிலும் விளக்கியவர் ஆங்கில ஆசிரியர் ஜான் பனியன். ஓட்டைப் பாத்திரங்களைப் பற்றவைத்துப் பிழைத்த ஏழை அவர். அரசின் இசைவின்றிச் சமய உரை ஆற்றியதற்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டு நகரில் சிறைப்பட்டிருந்தார். வெளியே மனைவியும் மக்களும். மூத்த மகளோ பார்வையற்றவள். இறைவனை நம்பிய அவர் கைகட்டி இருந்துவிடவில்லை. சிறைக்குள்ளேயே நாடாக்கள் செய்து விற்றுக் குடும்பத்தைக் காத்தார். 1678-இல் அவர் வெளியிட்ட பயணக்கதை உலகெங்கும் பரவியது. தமிழிலும் 'மோட்சப் பிரயாணம்' என உரைநடையில் வழங்கலாயிற்று.

அக்கதையின் தலைவன் முதுகில் ஒரு சுமையோடு புறப்படுகின்றான். நம் ஊர்ச் சாலைகளில் இரு கல் நிறுத்தி மேலே ஒரு கல் கிடத்திய சுமைதாங்கிகள் இருந்தன. அவற்றில் இறக்கிய சுமையை வழிப்போக்கன் மீண்டும் தூக்கியாக வேண்டும். இவனது சுமையோ சிலுவையின் அடியில் தானே கழன்று உருண்டு மறைந்துவிடுகின்றது. ஆயினும், கதை அங்கு முடியவில்லை. ஏறற்கரிய மலை, மாயச் சந்தை, ஆழ்ந்த ஆறு ஆகிய இடர்கள் எல்லாம் அதன் பின்னரே வருகின்றன. ஒருமுறை கரடுமுரடான நேர்வழியை வெறுத்து, மெத்தென்ற பக்கவழியில் அவனும் தோழனும் இறங்குகின்றனர். அது அவர்களைச் சந்தேகக் கோட்டையின் சிறையில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றது. வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருந்ததை நினைவுகூர்ந்த பின்னரே அவன் கதவைத் திறக்கின்றான். கவர்வழியே கவலையாயிற்று என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

இக்கதையைத் தமிழ்க் காப்பியமாக்கியவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827-இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். 1853-இல் சாயர்புரம் பள்ளியில் தமிழாசிரியரானார். 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். சுற்றத்தின் மனத்தாங்கலையும் ஊராரின் பழியையும் வருவிக்கும் செயலாக அன்று அது இருந்தது. 1894-இல் அவரது 'இரட்சணிய யாத்திரிகம்' வெளிவந்தபோது அவருக்கு வயது அறுபத்தேழு. ஐந்து பருவங்களும் மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட இந்நூலால் 'கிறிஸ்தவக் கம்பர்' எனப் புகழ்பெற்றார்.

மூலத்தில் விரிவாக இல்லாத ஒன்றை அவர் சேர்த்தார். 'இரட்சணிய சரிதப் படலம்' எனப் பெயரிட்டு இயேசுவின் பாடுகளை நீளப் பாடினார். கவலைப்படாதே என்று கூறியவர் துன்பம் அறியாதவரல்லர் என்பது அதனால் புலனாகின்றது. இடையிடையே தேவாரப் பதிகங்கள் அமைத்துப் பயணியின் நம்பிக்கையைத் தமிழ்ப் பக்தி மரபின் குரலாக்கினார்.

வேதநூலும் கீர்த்தனையும் கடல் கடந்த தமிழரோடு மலாயாவிற்கும் வந்தன. கங்காணி முறையில் ஆள் சேர்த்தல் 1938-இல் நின்றது. அதுவரை வந்தோர்க்குக் கடனும் காய்ச்சலும் பிரிந்த உறவின் ஏக்கமும் சுமைகளாயின. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே தொழிலாளர் நிறைந்த பகுதி. அங்கே தமிழ் லூத்தரன் மக்களின் சீயோன் ஆலயம் 1924-இல் எழுந்தது.

ஷா ஆலமின் கதை பிற்காலத்தது. சுங்கை ரெங்கம் என்னும் தோட்டப் பகுதியாக விளங்கிய அவ்விடம் 1978-இல் சிலாங்கூரின் தலைநகராயிற்று. இரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் ஆலைகள் எழுந்தன. தோட்டங்கள் மறைந்த இடங்களில் லயத்து வீட்டைவிட்டுப் பெயர்ந்தவர்க்கு வீட்டு வாடகையும் புதுவேலையும் புதிய கவலைகளாயின. அந்நகரின் கத்தோலிக்க மக்கள் தமக்கென ஓர் ஆலயம் வேண்டிப் பல ஆண்டுகள் காத்திருந்தனர். 2005-இல் இறை இரக்க ஆலயம் திறக்கப்பெற்றது. அப்பெயருக்குரிய பக்திமுறை, 1938-இல் மறைந்த போலந்து நாட்டுக் கன்னியர் பவுஸ்தினாவால் பரவியது. இயேசுவை நம்புகிறேன் என்னும் பொருளுடைய ஒரு சிறு தொடரே அதன் உயிர். நீண்டநாள் காத்திருந்த மக்களின் ஆலயத்திற்கு இதனினும் பொருத்தமான பெயர் அரிது.

பெட்ஃபோர்டின் சிறையும் நெல்லையின் தமிழ்ப் பள்ளியும் சிலாங்கூரின் தோட்டமும் தம்முள் தொலைவானவை. ஆயினும், அங்கெல்லாம் கவலையை விட்டவர் கடமையை விட்டவரல்லர். பனியனின் கை நாடா முடைந்தது. கிருஷ்ணபிள்ளையின் எழுத்தாணி ஓயவில்லை. தோட்டத்துத் தாய் விடியலில் வேலைக்குப் புறப்பட்டாள். இடர் நீங்கிய பின் வந்த அமைதியன்று அவர்களுடையது. இடரின் நடுவே, பிளவுபடாத நெஞ்சோடு ஒரே வழியில் நடந்ததனால் பெற்ற அமைதி. கிறிஸ்தவ இலக்கியத்தை வகுப்பில் நடத்துவோர் இவ்வேறுபாட்டை மாணவர்க்கு விளக்குவாராயின், இரட்சணிய யாத்திரிகம் தேர்வுக்குரிய செய்யுளாக மட்டும் நில்லாது, வாழ்க்கைக்குரிய வழித்துணையாகவும் விளங்கும்.